சொன்னவன் குற்றவாளியா?

மாலை மயங்கும் வேளையில் மணவூர் ரயில் நிலையத்தில் வந்து நிற்கும் மின்சார வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? அம்பத்தூரில் கடைசல் பிடித்தவன், ஆவடியில் இரும்பு அடித்தவன், சென்னையில் மூட்டை சுமந்தவன், மாடிக் கட்டடத்துக்குச் சாந்துச் சட்டி தூக்கிய தாய், எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வரும் வண்டி அது. உழைத்தவன் உறங்கிக்கொண்டு வரும் வண்டி. மணவூரில் கொஞ்சம் பேர் இறங்குவர், திருவாலங்காட்டில் கொஞ்சம் பேர். அரக்கோணத்தில் பெருங்கூட்டம் இறங்கியபின் மிச்சம் மீதி திருத்தணிக்குப் போகும்.

அந்தத் தடத்தில் ஓடிய வண்டியில்தான், 2025 டிசம்பர்க் கடைசியில், பிழைப்புத் தேடி வடநாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞனிடம் அரிவாள் நீட்டப்பட்டது. நீட்டியவர்கள் நான்கு பேர். நான்கு பேருமே பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள்! திருத்தணியில் இறங்கியபின், ரயில் நிலையத்துக்கு அருகில் அவனை வெட்டினார்கள். வெட்டியதோடு நிற்கவில்லை. அதைக் கைபேசியில் படம் பிடித்தார்கள். படம் பிடித்ததோடும் நிற்கவில்லை. ஊர் பார்க்கட்டும், உலகம் பார்க்கட்டும் என்று உலவவிட்டார்கள். நால்வரும் பிடிபட்டனர். ஆனால் அந்தக் கொடுமையை நாடறியச் செய்தது எது? வெட்டியவர்களே எடுத்த படம்!

குற்றம் செய்தவன் கூச்சமின்றித் தண்டோராப் போடுகிறான். குற்றம் கண்டவனோ கூச்சப்பட்டு, அச்சப்பட்டு, அக்கம்பக்கம் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு வீடு போய்ச் சேருகிறான். எங்கே வந்து நிற்கிறோம் பார்த்தீர்களா?

இது இன்று நேற்று வந்த நோயும் அல்ல. 2016 ஜூன் 24 அன்று காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், வேலைக்குப் புறப்பட்ட ஓர் இளம்பெண் நடைமேடையிலேயே வெட்டிச் சாய்க்கப்பட்டாள். வண்டிக்குக் காத்து நின்றவர்கள் இருந்தனர். வெட்டியவன் ஓடிப்போனான். அந்தப் பெண்ணின் உடல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தது. உயர்நீதிமன்றமே வருந்திக் கேள்வி கேட்டது.

"நமக்கு எதற்கு வம்பு?" மூன்றே சொற்கள். தமிழ்நாட்டில் குற்றவாளிக்கு இதைவிடப் பெரிய காவல் அரண் வேறில்லை.

அந்த மூன்று சொற்களை நம் தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையிலும் கேட்டோம். தோழர் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். கழகக் கொடிக்கம்பத்துக்கு வண்ணம் பூசுவதென்றால் முதல் ஆளாக ஏணியோடு வருகிற பிள்ளை. ஓர் இரவு வண்டியில், பானிபூரி விற்றுத் திரும்பிய பீகார்ப் பையன் ஒருவனிடம், கத்தியைக் காட்டி, அன்றைய வசூலையும் கைபேசியையும் பறித்ததைக் கண்ணாரக் கண்டிருக்கிறார். பறித்தவர்களில் ஒருவனை அவருக்கு முகம் தெரியும். விடிந்ததும் நம்மிடம் வந்தார். "அண்ணே, போலீஸ்ல சொல்லலாமா, வேணாமா?" என்றார். சொல்லத்தான் வேண்டும் என்று அவர் வீட்டுக்கே போய் எடுத்துரைத்தோம். உள்ளிருந்து அவருடைய மனைவி வந்தார்.

"நமக்கு எதுக்குண்ணே வம்பு? நீங்க மேடையில பேசிட்டுப் போயிடுவீங்க. இவரு போய்ச் சொல்லிட்டு வந்தா, நாளைக்கு நைட்டு வண்டிய வுட்டு எறங்கி, அந்த இருட்டுல ஒத்த ஆளா நடந்து வரப் போறது இவருதானே? போலீஸ்காரரா கூட வருவாரு?"

மணிக்கணக்கில் மேடையில் முழங்குகிற நாம், அந்தத் தங்கையின் முன் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். அவர் கேட்டது கோழையின் கேள்வியல்ல. குடும்பம் நடத்துகிறவரின் கேள்வி. அதற்குப் பதில் தேட வேண்டும். அதுவும் ஒளிவு மறைவில்லாமல் தேட வேண்டும்.

முதலில் சட்டம். கண்டதைச் சொல்வது நல்லவர்கள் செய்யும் தயவு என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். அல்ல! சில குற்றங்களைப் பொறுத்தவரை அது சட்டக் கடமை. வெள்ளைக்காரன் 1898இல் எழுதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 44ஆம் பிரிவாக இருந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 39ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதுச் சட்டத்தில் 33ஆம் பிரிவு. அந்தப் புதுச் சட்டத்தின் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவாம்! பெயரை உச்சரிப்பதற்குள் திருடன் திருத்தணியைத் தாண்டி ரேணிகுண்டாவுக்கே போய்விடுவான். தமிழனுக்கு ஒரு கடமையை விதிக்கிறவர்கள் அவனுக்கு விளங்காத மொழியில் அதற்குப் பெயர் வைக்கிறார்கள். அந்த வழக்கைத் தனியே வைத்துக்கொள்வோம்.

அந்தப் பிரிவின் சாரம் இது: குறிப்பிட்ட குற்றங்கள் நடந்ததை அறிந்தவரும், நடத்தப்போகும் எண்ணத்தை அறிந்தவரும், உடனே அருகிலுள்ள காவல் அதிகாரிக்கோ நீதித்துறை நடுவருக்கோ தெரிவிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அந்தக் காரணத்தை மெய்ப்பிக்கும் பாரம் சொல்லாமல் இருந்தவர் தலையில்தான். சொல்லக் கடமைப்பட்டவர் வேண்டுமென்றே மறைத்தால், ஆறு மாதம் வரை சிறை.

என்னென்ன குற்றங்கள்? கொலை, கொள்ளை, வழிப்பறி, பணம் கேட்டு ஆள் கடத்தல், கள்ளநோட்டு, தீவைப்பு, அரசுக்கு எதிரான குற்றங்கள், உணவிலும் மருந்திலும் கலப்படம். நம் தோழர் கண்டது கத்தி முனைக் கொள்ளை. பட்டியலில் இருக்கிறது.

பட்டியலில் இல்லாதவற்றையும் பாருங்கள். அரிவாள் வெட்டில் ஆள் செத்தால் சொல்வது கடமை. கொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தாலும் கடமை. ஆனால் கை கால் போய் உயிர் மட்டும் பிழைத்துக்கொண்டால், அந்தக் கொடுங்காயம் பட்டியலில் இல்லை! பெண்ணைச் சீரழித்த கொடுமையும் இந்தப் பட்டியலில் கிடையாது. இதைக் கேட்டதும் உங்களைப்போல் நமக்கும் கொதிப்புத்தான் வந்தது. ஆற அமர எண்ணிப் பார்த்தால், வயது வந்த ஒரு பெண், தனக்கு நேர்ந்ததைச் சொல்வதா, எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும். ஊரார் அவளை முந்திக்கொண்டு ஓடுவது உதவியாகாது. குழந்தை விஷயம் அப்படியல்ல. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையை அறிந்த எவரும் சொல்லியே தீர வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவன் செய்ததை மறைத்தவர் பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் தலைவராயின் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது என்ற காப்பும் அதே சட்டத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. "பள்ளியின் பெயர் கெடும்" என்று மூடி மறைக்கச் சொல்லும் பெரிய மனிதர்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்களிடம் இந்த ஓராண்டுக் கணக்கைச் சொல்லுங்கள்.

பெரிய மனிதர்கள் என்றதும் பழையனூர் நினைவுக்கு வருகிறது. மணவூருக்கு அடுத்த நிலையம் திருவாலங்காடு. அதை ஒட்டிய ஊர் பழையனூர். நீலி கதை நம் பாட்டிமார் எல்லோருக்கும் தெரியும். நீலிக் கண்ணீர் என்று இன்றும் நாம் சொல்வது இந்த மண்ணிலிருந்து போன சொல்தான். கணவனைப் பழிவாங்க வந்த பேய், மனைவி உருவெடுத்து அழுததாம். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர் அந்தக் கண்ணீரை நம்பி, "உனக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நாங்கள் உயிர் தருகிறோம்" என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்து, அவளோடு அனுப்பினார்களாம். அவன் மாண்டதும் எழுபது பேரும் தீயில் இறங்கினார்களாம். பேய்க்கதையை நம்ப நாம் ஆளல்ல. அஞ்சி நடுங்கியவன் ஒருவன் வந்து "என் உயிருக்கு ஆபத்து" என்று முறையிடும்போது, அதை விசாரியாமல், பஞ்சாயத்துப் பேசிப் பகைவன் கையிலேயே ஒப்படைத்த கதை அது என்றுதான் நமக்குப் படுகிறது. தீயில் இறங்கியதை எல்லோரும் பாடுகிறார்கள். பஞ்சாயத்துப் பேசியதை யாரும் பேசுவதில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்வோம்: அந்த எழுபது பேரும் "எங்களுக்குத் தெரியாது, நாங்கள் பார்க்கவில்லை" என்று சொல்லவில்லை. இன்று அதே திருவாலங்காட்டைக் கடந்து போகும் ரயில் பெட்டியில் எழுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

சரி, கடமை நம்முடையது என்று ஆயிற்று. தங்கையின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. சொன்னவனைக் காப்பது யார்?

தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் லூர்து பிரான்சிஸ் என்று ஒரு கிராம நிர்வாக அலுவலர் இருந்தார். தாமிரபரணியில் மணல் திருடுகிறவன்மீது 2023 ஏப்ரலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அவர் செய்தது என்ன? வேலையைச் செய்தார். கிராமத்தில் நடக்கும் குற்றங்களைச் சொல்ல வேண்டிய கடமை கிராம அலுவலருக்குத் தனிப் பிரிவாகவே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மணியக்காரர், கர்ணம் காலத்திலிருந்து வருகிற கடமை அது. ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில், தமது அலுவலகத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவரை வெட்டிக் கொன்றார்கள். புகார் கொடுத்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. கழக அரசு அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. ஐந்தே மாதத்தில், செப்டம்பரில், இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. விரைந்த நீதிதான், மறுக்கவில்லை. ஆனால் புகார் வந்த நாளன்றே அந்த மனிதருக்கு யார்மீது பயம் என்று கேட்டு ஒரு காவலரை வாசலில் நிறுத்தியிருந்தால், கோடி ரூபாயும் வேண்டாம், விரைவு நீதியும் வேண்டாம். அவர் வீட்டுக்கு வந்து சோறு உண்டிருப்பார். நம் பக்கத்துக் கொசஸ்தலை ஆற்றிலும் மணல் இருக்கிறது, தோழர்களே.

உயிர் போகாவிட்டாலும் மானம் போகும் என்ற அச்சம் இன்னொன்று. 2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தாள். என்ன நடந்தது? அவளுடைய சகோதரர் தாக்கப்பட்டார். மாவட்டக் காவல்துறையின் தலைவரே செய்தியாளர் முன்னிலையில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். சொல்லக்கூடாது என்பது சட்டம். சொன்னவர் சட்டத்தின் காவலர்! அன்று ஆண்டது அ.தி.மு.க. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நாம் அன்று மேடைதோறும் அதைப் பேசினோம். பேசியது சரி.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்குக் கொடுமை நேர்ந்தது. அவளும் துணிந்து புகார் கொடுத்தாள். அவளுடைய விவரங்களோடு கூடிய முதல் தகவல் அறிக்கை கண்டவர் கையிலெல்லாம் போய்ச் சேர்ந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். உயர்நீதிமன்றம் மூன்று பெண் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. அன்று ஆண்டது யார்? நாம்! இரண்டு ஆட்சி, இரண்டு பெண்கள், அதே 25 லட்சம். மேடையில் முன்னதைப் பேசிவிட்டுப் பின்னதை விழுங்கினால், அறிஞர் அண்ணாவின் பெயரைச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. இரண்டு வழக்கிலும் தண்டனை 2025இல் கிடைத்தது. மே மாதம் பொள்ளாச்சிக் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை. ஜூனில் பல்கலைக்கழக வழக்கின் குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் சிறை. அந்தப் பெண்கள் வாய் திறந்ததால் கிடைத்த தண்டனைகள் அவை.

காவலர்களையே குறை சொல்லிக்கொண்டு போவதாக எவரும் எண்ண வேண்டாம். காக்கிச் சட்டைக்குள் இருப்பவனும் நம் வீட்டுப் பிள்ளைதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் அடித்துக் கொல்லப்பட்டபோது, அதே நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், இரவெல்லாம் அடித்ததைச் சொன்னார். மேலதிகாரிகளும் உடன் வேலை செய்கிறவர்களும் சுற்றி நிற்க, சொன்னார். அவருக்கும் குடும்பம் உண்டு, குழந்தைகள் உண்டு. கண்டதைச் சொல்வது எப்படி என்பதற்குக் காவல் துறைக்குள்ளேயே பாடம் இருக்கிறது.

இனி, நாம் தோழரை அழைத்துக்கொண்டு போன கதை. தங்கையிடம் ஒரு வாக்குக் கொடுத்தோம்: "உன் வீட்டுக்காரர் தனியாகப் போக மாட்டார். தனியாக நடக்கவும் மாட்டார்." கிளைக் கழகத்திலிருந்து நான்கு பேர் போனோம். எந்த நிலையம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ரைட்டர் தலை நிமிரவில்லை.

"வண்டி எங்கே போய்க்கினு இருந்துச்சு அப்போ?"

"ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல சார்."

"அது எங்க எல்லை இல்லியே. அந்தப் பக்கம் போய்க் குடு."

அந்தப் பக்கம் போனோம். அங்கே இருந்தவர் இந்தப் பக்கம் கை காட்டினார். எல்லை! இந்தச் சொல்லை நம் பகுதிக்காரனிடமா சொல்வது? 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் விநாயகமும் ஊர் ஊராய்ப் போராடி, திருத்தணியை மீட்டுத் தாய்த் தமிழகத்தோடு சேர்த்தார்கள். அவர்கள் இயக்கம் வேறு, நம் இயக்கம் வேறு. எனினும் அந்த எல்லைப் போரை மதிக்கிறோம். மாநில எல்லையையே நகர்த்திய மண்ணில், ஒரு புகார்த் தாளை எட்டுக் கிலோமீட்டர் நகர்த்த இரண்டு நிலையத்துக்கும் முடியவில்லை.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? பெயர் வாயில் நுழையாத அதே புதுச் சட்டத்தின் 173ஆம் பிரிவில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும், எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். எண் போடாமல் பதிந்து, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். அலைய வேண்டியது தாள், ஆள் அல்ல. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும், பதியாத அதிகாரிமீது நடவடிக்கை வேண்டும் என்று 2013 நவம்பர் 12 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்புக் கூறினார்கள். பெண்களுக்கு எதிரான கொடுங்குற்றங்களில் புகாரை எழுத மறுத்த அதிகாரிக்குக் குறைந்தது ஆறு மாதம், கூடினால் இரண்டு ஆண்டு கடுங்காவல். நம் தோழர் கொண்டுபோனது கொள்ளைப் புகார் என்பதால் அந்தக் கத்தி அந்த ரைட்டர் தலைக்கு மேல் தொங்கவில்லை. அதுவும் ஓர் ஓட்டைதான். சொல்லாத குடிமகனுக்கு ஆறு மாதம் என்று எழுதிய கை, கேளாத அதிகாரிக்கு எல்லாக் குற்றத்திலும் அதை எழுதியிருக்கலாம்.

எதிரே நின்று 173 என்றதும் ரைட்டர் நிமிர்ந்தார். அரை மணி கழித்து ஒரு சீட்டை நீட்டினார். பார்த்தால், சி.எஸ்.ஆர்.! இதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. வழக்கு அல்ல. நம் மக்கள் எத்தனை பேர் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "கேஸ் போட்டாச்சு" என்று நம்பிக் காத்திருக்கிறார்கள்! வழக்கென்றால் முதல் தகவல் அறிக்கை. சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு படியை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அவரும் கேளாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

பீகார்ப் பையனையும் தேடிப் பிடித்து அழைத்துப் போனோம். அவன் நடுங்கினான். கன்றிய கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு, "வேணாம் அண்ணா, வேலை போயிடும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னான். வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று மேடையில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! மூன்றாவது நாள், மூன்றாவது நடையில், ஓர் இளம் உதவி ஆய்வாளர் தாமே உட்கார வைத்து, இருவர் சொன்னதையும் எழுதி, எண் போட்டுக் கொடுத்தார். முகம் தெரிந்த பையனை அன்று மாலையே பிடித்து வந்துவிட்டார்கள்.

அதன்பின் ஏறத்தாழ ஒரு மாதம், இரவு வண்டி வரும் நேரத்துக்குக் கிளைக் கழகத் தோழர்கள் முறை வைத்துக்கொண்டு நிலையத்தில் நின்றனர். இரண்டு பேர், ஒரு டார்ச் விளக்கு. தோழரும் அவரோடு இறங்கும் மற்றவர்களும் சேர்ந்து நடந்தனர். ரயிலில் எதைக் கண்டாலும் 139, வெளியில் என்றால் 112 என்று நிலையத்து வேப்பமரத்தடியில் நிற்கும்போது ஒவ்வொருவர் கைபேசியிலும் பதித்துக் கொடுத்தது அந்த முறைக்காரர்களின் வேலை.

தங்கையை நேற்றுப் பார்த்தோம். முதல் தகவல் அறிக்கையின் படியை ரேஷன் கார்டு வைக்கும் உறையில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். "கோர்ட்டுல கூப்புட்டா அன்னிக்கும் நாலு பேரு வருவீங்களாண்ணே?" என்று கேட்டார். வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.